முக்குளிப்பான் கூடும் திறந்த ஷட்டரும்

ஆஸ்பத்திரியில் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. பெரிய டாக்டரிலிருந்து தரை துடைக்கிறவர்கள் வரை எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே அக்காதான். இருபத்தாறு வருடமாக ஒரே அறை, ஈயத் தகடு பதித்த ஒரே கதவு. ஜன்னல் கிடையாது. ஒரு நாளைக்கு அறுபது பேரிடமாவது சொல்வார்: "மூச்சை நல்லா இழுங்க... அப்படியே பிடிங்க... ஆடாதீங்க... ம், விடலாம்." வீட்டில் சாப்பாடு போடும்போதும் வாய் தவறி "ஆடாதீங்க" என்று வந்துவிடும். பஸ் டிப்போவில் மெக்கானிக்காக இருக்கும் கணவர், கரண்டியைப் பார்த்தபடி நிஜமாகவே மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அக்காவுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும்.

மகள் மேல்படிப்புக்கு வெளியூர் போன வருடம் அக்காவுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. தினமும் நடக்கச் சொன்னார்கள். நடந்த வழியில் ஏரி இருந்தது. தாமரைக்கோழி ஒன்று இலைமேல் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு போவதைப் பார்த்துவிட்டு அன்றைக்கு வேலைக்கு முக்கால் மணி நேரம் தாமதமாகப் போனார். அடுத்த மாதம் தொழிலை விட்டுப்போன ஒரு கல்யாண போட்டோகிராபரிடமிருந்து பழைய கேமராவும் நீள லென்ஸும் வீட்டுக்கு வந்தன. இருட்டறையில் நாள் முழுக்க எலும்பைப் படம் எடுப்பவர், விடியற்காலையில் இறகைப் படம் எடுக்க ஆரம்பித்தார். ஐந்து வருடம் போனது. குஞ்சோடு இருக்கும் நீர்ப்பறவைகளைத் தவிர வேறு எதையும் எடுப்பதில்லை என்ற நிலைக்கு வந்திருந்தார்.

ஊருக்குக் குடிதண்ணீர் கொடுக்கும் நிலையத்தின் பின்பக்கத்தில் ஒரு சேமிப்புக் குளம் உண்டு. ஃபுட்பால் மைதானம் அளவு இருக்கும். மூன்று பக்கம் ஒன்றரை ஆள் உயரச் சுவர். நாலாவது பக்கத்தில் படிக்கட்டும், பம்ப் அறையும், குளத்தைக் காலி செய்யும் ஷட்டரும், பெரிய ஏரியிலிருந்து தண்ணீர் வரும் சின்ன மதகும். எதிர்மூலையில் மட்டும் வண்டல் சேர்ந்து நாணல் மண்டியிருந்தது. வெளியாள் நுழையக் கூடாத இடம். ஆனால் அங்கே இருந்த இரவு வாட்ச்மேன் ஒரு தடவை தோள் பிசகி எக்ஸ்ரே அறைக்கு வந்திருந்தார். அவருடைய கையைப் பக்குவமாகத் திருப்பி, வலிக்காமல் படம் எடுத்து அனுப்பினார் அக்கா. கிளம்பும்போது பேச்சு பறவைப் பக்கம் போனது.

"அதென்ன சிஸ்டர், குட்டி வாத்து மாதிரி இருக்கும், பார்த்துக்கிட்டே இருக்கும்போது பொசுக்குன்னு முங்கிடும்? எங்க குளத்துல கூடு கட்டியிருக்கே!"

முக்குளிப்பான். தண்ணீர்ப்பாசியைக் குவித்து, நாணலோடு பிணைத்து, மிதக்கும் கூடு கட்டும் பறவை. குஞ்சுகளை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்தும். அந்த முதுகுச் சவாரியை எடுக்க அக்கா மூன்று வருடமாகத் தவித்துக்கொண்டிருந்தார்.

"ஐந்தரைக்கு வாங்க, ஏழரைக்குள்ள கிளம்பிடணும். இன்ஜினியரம்மா எட்டு மணிக்கு வருவாங்க. நான் ஆறு மணிக்கு வீட்டுக்குப் போயிடுவேன், ஆனா நீங்க உள்ள இருக்கீங்கன்னு காலை ஷிப்ட் ஆபரேட்டர்கிட்ட சொல்லிட்டுத்தான் போவேன்" என்றார் வாட்ச்மேன். அதுதான் ஒப்பந்தம். எழுத்தில் ஒன்றும் கிடையாது.

கரையிலிருந்து நாணல் மறைத்தது. தண்ணீரில் இறங்கினால்தான் கூடு தெரியும். கணவர் ஒரு லாரி டியூபில் ஒட்டுப்பலகையை வளையமாகக் கட்டி, மேலே துணிக்கூடாரம் போட்டு, சுற்றிலும் நாணல் செருகி ஒரு மிதவை செய்து கொடுத்தார். நடுவில் நின்றால் அக்காவின் தலையும் கேமராவும் கூடாரத்துக்குள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு புதர் மிதப்பது போல இருக்கும். டிப்போவில் பஸ் கழுவும் தொட்டியில் சோதனை ஓட்டம் நடந்தபோது, "பொண்டாட்டிக்குக் கப்பல் கட்டறியாப்பா?" என்று எல்லோரும் கலாய்த்தார்கள். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. அக்காவிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"இடுப்புக் கயிறு இல்லாம இறங்க மாட்டேன்னு சொல்லு."

"சரிங்க."

"சரின்னா?"

"கட்டாம இறங்க மாட்டேன். போதுமா?"

இருபத்திரண்டு நாள் அக்கா அந்தக் கூட்டைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். நான்கு முட்டை. தாயும் தகப்பனும் மாறி மாறி அடைகாத்தன. எழுந்து போகும்போதெல்லாம் முட்டைகளைப் பாசியால் மூடிவிட்டுத்தான் போகும். இருபத்தோராம் நாள் இரண்டு குஞ்சு வெளியே வந்துவிட்டது. மறுநாள் காலையில் அக்கா படியில் பையை வைத்து, செல்போனைப் பைக்குள் போட்டு, இடுப்பை டியூபோடு கயிற்றால் கட்டிக்கொண்டு இறங்கினார். செல்போனை உள்ளே எடுத்துப் போவதில்லை. ஒரு போன் ஏற்கனவே ஏரிக்குப் பலியாகியிருந்தது.

குளத்தின் நடுவில் ஆழமான வாய்க்கால் ஒன்று ஷட்டர் வரை போகிறது. அங்கே கால் எட்டாது. டியூபைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்து அதைக் கடந்து, நாணல் மூலையின் வண்டல் மேட்டில் நெஞ்சளவுத் தண்ணீரில் நின்றுகொண்டார். கூடு பத்தடி தூரத்தில். கரையில் வாட்ச்மேன் கையை அசைத்தார்.

அதற்குப் பிறகு கரையில் நடந்தது அக்காவுக்குத் தெரியாது. ஆறு மணிக்குக் கால் மணி இருக்கும்போது வாட்ச்மேனுக்குப் போன் வந்தது. மருமகளுக்கு வலி எடுத்துவிட்டது, வண்டி கிடைக்கவில்லை. மனிதர் போட்டது போட்டபடி ஓடிவிட்டார். ஆறு மணிக்கு வந்த ஆபரேட்டருக்கு மேஜைமேல் ஓர் உத்தரவு காத்திருந்தது: ஊரில் கலங்கல் தண்ணீர் வருகிறது என்று புகார், சேமிப்புக் குளத்தை உடனே காலி செய்து சுத்தம் செய்ய வேண்டும். அவர் குளத்தை ஒரு பார்வை பார்த்தார். தண்ணீர், நாணல், ஒரு புதர். ஷட்டர் சக்கரத்தைச் சுற்றித் திறந்துவிட்டு உள்ளே போய் பம்புகளை ஓட்டினார்.

அக்கா அப்போது லென்ஸுக்குள் இருந்தார். மூன்றாவது குஞ்சு அப்போதுதான் வெளியே வந்து ஈரம் காய்ந்திருந்தது. தலையில் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு, உடம்புக்குப் பொருந்தாத பெரிய கால். தாய் கூட்டின் ஓரத்தில் தண்ணீரில் இறங்கி, ஒரு சிறகை லேசாகத் தூக்கிக் கொடுத்தது. முதல் குஞ்சு ஏறியது. இரண்டாவதும் ஏறியது. மூன்றாவது வழுக்கி விழுந்தது.

அப்போதுதான் அக்கா அதைக் கவனித்தார். கூட்டுக்குப் பின்னால் நின்ற நாணல் தண்டுகளில், தண்ணீருக்கு மேலே, நான்கு விரல் அகலத்துக்குக் கருமையாக ஒரு பட்டை. ஈரப் பட்டை. நிழலைப் பார்த்து நோயைச் சொல்லும் கண் அது. தண்ணீர் இறங்குகிறது என்று முதல் பார்வையிலேயே புரிந்துவிட்டது.

பம்ப் ஓடினால் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும் என்று நினைத்துக்கொண்டார். மூன்றாவது குஞ்சு மறுபடி முயன்றது. க்ளிக். மறுபடி வழுக்கியது. பட்டை ஒரு சாண் ஆனது. தகப்பன் பறவை அலகில் சின்ன மீனோடு வந்தது. க்ளிக், க்ளிக். குஞ்சு காலை உதைத்து, கழுத்தை நீட்டி, ஒரு வழியாக ஏறிவிட்டது. தாயின் இறகுக்குள்ளிருந்து மூன்று கோடு போட்ட தலைகள் எட்டிப் பார்க்க, தகப்பன் மீனை நீட்டியது. அக்கா தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு எடுத்துக்கொண்டே இருந்தார். அப்படி ஒரு படம் அவருக்கு அதற்கு முன்னால் அமைந்ததில்லை.

கூடு மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. நாணலில் கட்டியிருந்த பக்கம் மேலே தொங்க, மறுபக்கம் தண்ணீரோடு இறங்கியது. பாசிக்குள் இருந்த கடைசி முட்டை உருண்டு விளிம்பில் வந்து நின்றது. அதன் ஓட்டில் நட்சத்திரம் போல ஒரு விரிசல். அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுத்தார். திரும்பிப் பார்த்தார். நெஞ்சளவு இருந்த தண்ணீர் இடுப்புக்கு வந்திருந்தது. குளத்தின் நடுவில் சருகுகள் எல்லாம் வரிசையாக ஷட்டர் பக்கம் போய்க்கொண்டிருந்தன.

போய் மூடச் சொல்ல வேண்டும் என்று இரண்டு அடி வைத்தார். வண்டல் மேட்டின் விளிம்பு காலுக்கடியில் சரிந்தது. தண்ணீரின் இழுப்பு டியூபைப் பற்றிக்கொண்டது. டியூபோடு கட்டியிருந்த கயிறு அவர் இடுப்பை வெட்டி இழுத்தது. கைக்குக் கிடைத்த நாணலை அள்ளிப் பிடித்தார். உள்ளங்கை கிழிந்தது. நாணல் வேரோடு வர ஆரம்பித்த நேரத்தில் முழங்கால் எதிலோ முட்டிக்கொண்டது. வண்டலில் புதைந்த ஒரு கல். அதில் மண்டியிட்டு, மூச்சு இரைக்க, டியூபை அங்குலம் அங்குலமாக மேட்டுக்கு இழுத்தார்.

வாய்க்காலைத் தாண்டிப் போக முடியாது. சுவரில் ஏற முடியாது. கத்தினால் பறவை மிரண்டுவிடும். ஐந்து வருடத்தில் ஒரு கூட்டருகே கூட அவர் தும்மியதில்லை.

"யாராவது இருக்கீங்களா! ஷட்டரை மூடுங்க! உள்ள ஆள் இருக்கு!"

தாய் அந்தக் கணமே முங்கியது. முதுகில் இருந்த மூன்று குஞ்சுகளும் தக்கை மாதிரி தண்ணீர்மேல் சிதறின. கீச் கீச்சென்று கத்திக்கொண்டே, கால் உதைக்க உதைக்க, சருகுகள் போன திசையில் அவையும் நகர்ந்தன. பம்ப் இரைச்சலில் அக்காவின் குரல் அவருக்கே கேட்கவில்லை. சுவர்மேல் ஒரு காகம் வந்து உட்கார்ந்தது. பிறகு இன்னொன்று.

அக்கா மிதவையைத் திருப்பி வாய்க்காலுக்கும் மேட்டுக்கும் நடுவே குறுக்காக நிறுத்தினார். செருகியிருந்த நாணல் தண்ணீரில் வேலி மாதிரி விழுந்தது. ஒரு குஞ்சு அதில் வந்து மாட்டியது. இரண்டாவது அதன் பக்கத்தில் ஒட்டிக்கொண்டது. மூன்றாவது வேலியின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டது. காகம் தாழ்ந்து வந்தது. அக்கா கையால் தண்ணீரை அள்ளி அதன்மேல் வீசினார். அது விலகி, வட்டமடித்து, மறுபடி வந்தது.

அப்போதுதான் மிதவைப் பலகையில் மாட்டியிருந்த பெட்டிக்குள் கிடந்த ஃபிளாஷ் ஞாபகம் வந்தது. கேமராவை வாங்கியபோது கூடவே வந்தது; இருட்டில் உதவும் என்று கணவர் புது பேட்டரி போட்டு வைத்திருந்தார். பறவைகளின் கண்ணில் வெளிச்சம் அடிக்கக் கூடாதென்று ஒருநாளும் போட்டதில்லை. அதைக் கேமராவில் மாட்டி, பம்ப் அறையின் கண்ணாடி ஜன்னலைப் பார்த்து அடித்தார். மறுபடி சார்ஜ் ஏறி விளக்கு எரிய ஆறு நொடி ஆகும். ஒன்று, இரண்டு என்று எண்ணினார். அடித்தார். எண்ணினார். அடித்தார். வானம் மூடிக் கிடந்த மங்கலான காலை. வெளிச்சம் சுவரெல்லாம் வெட்டியது.

ஏழாவது தடவை பம்ப் அறைக் கதவு திறந்தது.

"யாருப்பா அங்க வெல்டிங் அடிக்கிறது? என்கிட்ட ஒரு வார்த்தை..." என்று அதட்டிக்கொண்டே வந்த ஆபரேட்டர், புதருக்குள்ளிருந்து ஒரு பெண் கையை ஆட்டுவதைப் பார்த்ததும் படிக்கட்டுக்கு ஓடினார். "ஐயோ! ஆளா! யாருங்க நீங்க?"

"ஷட்டர்! ஷட்டரை மூடுங்க தம்பி!"

"மூடறேன், மூடறேன்! நீங்க ஆடாதீங்க! அங்கயே நில்லுங்க!"

அவர் முழு உடம்பையும் சக்கரத்தின்மேல் போட்டுச் சுற்றினார். திறக்கும்போது லேசாகச் சுற்றிய சக்கரம் மூடும்போது அடம் பிடித்தது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கிறீச். அக்கா மண்டியிட்டபடி ஒரு கையால் மிதவையைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் காகத்தை விரட்டிக்கொண்டு, மூன்றாவது குஞ்சைக் கண்ணாலேயே துரத்திக்கொண்டிருந்தார். அது வாய்க்காலின் நடுவுக்குப் போயிருந்தது. ஷட்டருக்கு இருபதடி. பதினைந்தடி. தண்ணீரில் அதன் தலை மட்டும் தெரிந்தது. பிறகு அதுவும் தெரியவில்லை.

இழுப்பு நின்றது சட்டென்று தெரியவில்லை. சருகுகள் தயங்கி, அப்படியே நின்று, மெல்லத் திரும்பியபோதுதான் தெரிந்தது. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது, வாய்க்காலின் அந்தப் பக்கத்தில் தகப்பன் பறவை மேலெழுந்து உடம்பை உதறியது. அதன் முதுகில் நனைந்த பஞ்சு போல ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. அதற்கு இரண்டு நிமிடம் கழித்துத் தாய் வந்தது. மிதவையை நம்பாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, நாணல் வேலியில் ஒதுங்கியிருந்த இரண்டையும் கூப்பிட்டு ஏற்றிக்கொண்டது.

கடைசி முட்டை வண்டலில் கிடந்தது. அக்கா அதை எடுத்துக் கூட்டில் வைத்துப் பாசியால் மூடினார். உள்ளே அசைவு இருந்த மாதிரி விரலுக்குப் பட்டது. மறுநாள் ஆபரேட்டர் பைனாகுலரில் பார்த்துவிட்டுச் சொன்னார், பறவைகள் அந்தக் கூட்டுப் பக்கமே வரவில்லையாம்.

எட்டு மணிக்கு இன்ஜினியரம்மா வந்தார். முப்பது வயது இருக்கும். ஈரத்துணியோடு, கையில் கட்டோடு உட்கார்ந்திருந்த அக்காவைப் பார்த்து முதலில் தண்ணீர் கொடுத்தார். பிறகு கதவைச் சாத்தினார்.

"யாரும்மா உங்களை உள்ள விட்டது?"

"நானேதான் வந்தேன் மேடம்."

"சுவர் ஏறிக் குதிச்சீங்களா? இந்த டியூபையும் தூக்கிக்கிட்டா?"

ஆபரேட்டர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்தக் கேமராவைக் குடுங்க. எங்க வரைக்கும் போனீங்கன்னு நான் பார்க்கணும்."

இன்ஜினியரம்மா படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார். முதுகில் மூன்று தலை எட்டிப் பார்க்கும் படம் வந்ததும் கை நின்றது. "அம்மாடி" என்றார், தன்னை அறியாமல். பிறகு அதைப் பெரிதாக்கினார். இன்னும் பெரிதாக்கினார். மேஜைமேல் இருந்த ஷிப்ட் நோட்டைத் திருப்பி நேரத்தைப் பார்த்தார்.

"ஷட்டர் திறந்தது ஆறு எட்டு. இந்தப் படம் ஆறு முப்பத்தி மூணு. பின்னால நாணல்ல ஈரம் இவ்வளவு ஏறித் தெரியுது. முன்னாடி படத்துலயும் இருக்கு. அதுக்கு முன்னாடியும்." நிமிர்ந்து பார்த்தார். "தண்ணி இறங்கறது தெரியாமலா எடுத்தீங்க?"

பொய் சொல்ல ஒரு நொடி இருந்தது. வெளிச்சம் சரியில்லை, கவனிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வாழ்நாள் முழுக்க மற்றவர்களுடைய படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து உள்ளதை உள்ளபடி பார்த்த பெண்மணி அவர்.

"தெரிஞ்சுதான் எடுத்தேன் மேடம்."

"ஏன்?"

"இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு... கை நிக்கல."

இன்ஜினியரம்மா கேமராவைத் திருப்பிக் கொடுத்தார். இனி உள்ளே காலெடுத்து வைக்கக் கூடாதென்று எழுதி வாங்கிக்கொண்டார். குளத்தில் ஆள் இருந்தபோது ஷட்டர் திறக்கப்பட்டது என்பதால் மேலிடத்துக்கு அறிக்கை போக வேண்டும். ஆய்வுக்கு ஆள் வந்து கையெழுத்துப் போடும்வரை ஷட்டரைத் தொடக் கூடாது. அந்த ஆள் வந்து சேர ஆறு நாள் ஆனது. கலங்கல் தண்ணீருக்கு ஊரார் திட்டினார்கள். மூன்று குஞ்சுகளுக்கு அந்த ஆறு நாள் கிடைத்தது. பறவைக்காக யாரும் குளத்தை விட்டுவைக்கவில்லை. காகிதத்துக்காக விட்டுவைத்தார்கள்.

வாட்ச்மேனை ஊருக்கு வெளியே இருக்கும் பம்ப் நிலையத்துக்கு மாற்றிவிட்டார்கள். அக்கா இரண்டு பஸ் மாறி அங்கே போய் மன்னிப்புக் கேட்டார். அவர் பதறிவிட்டார். "நான் பாட்டுக்குச் சொல்லாம ஓடிட்டேனே சிஸ்டர், உங்களுக்கு ஏதாவது ஆயிருந்தா நான் என்ன ஆவேன்!" என்று கண் கலங்கினார். யார் யாரை மன்னிப்பது என்று தெரியாமல் இருவரும் டீ குடித்துவிட்டுப் பிரிந்தார்கள்.

கணவரிடம் ஷட்டர் கதையை அன்றைக்கே சொல்லியாகிவிட்டது. நாணல் பட்டையை மட்டும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்து, அவர் அந்தப் படத்தை ஹாலில் மாட்டப் பெரிதாகப் பிரிண்ட் போட வேண்டும் என்று அளவெடுத்துக்கொண்டிருந்தபோது சொன்னார். கணவர் அளவு நாடாவைக் கையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்.

"எவ்வளவு நேரம்?"

"பதினொரு நிமிஷம்."

"கயிறு கட்டியிருந்தியா?"

"கட்டியிருந்தேன்."

அவர் நாடாவைச் சுருட்டி வைத்தார். பால்கனிக்குப் போய் டியூபின் வால்வைக் கழற்றினார். காற்று இறங்கி முடிய ரொம்ப நேரம் ஆனது. இருவரும் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

படத்தை மாட்டவில்லை, அழிக்கவும் இல்லை.

ஆறாம் நாள் சாயங்காலம், டூட்டி முடிந்து அக்கா குளத்துச் சுவருக்கு வெளியே, ரோட்டோரத்தில் இருந்த ஒரு பெரிய பாறைமேல் ஏறி நின்றார். உள்ளே போகத்தான் தடை. அங்கிருந்து பறவைகள் புள்ளி புள்ளியாகத்தான் தெரிந்தன. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஆபரேட்டரின் குரல் வந்தது.

"அக்கா, நாளைக்குக் காலி பண்றாங்க. இப்பவே அதுங்க நாணலை விட்டுட்டு மதகுப் பக்கம் வந்திடுச்சு. மதகு வழியா பெரிய ஏரிக்குப் போயிடும்னு நினைக்கிறேன். எத்தனை இருக்கு, தெரியுதா?"

அக்கா லென்ஸைக் கண்ணில் வைத்தார். தாயின் முதுகில் ஒன்று. தகப்பனுக்குப் பின்னால் தானாக நீந்தி வந்தது ஒன்று. அது முங்கப் பார்த்து, முன்பக்கம் மட்டும் நனைந்து, மேலே வந்தது. அக்கா காத்திருந்தார். வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது.

"ரெண்டு தெரியுது தம்பி. கொஞ்சம் பொறுங்க, இன்னொரு தடவை எண்ணுறேன்."